குட்டி யானையின் முன் பட்டை



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, என் விரல் இடுக்குகளில் ஏறியிருந்த கறுப்பைக் கண்டு உங்களில் சிலர் காரணம் வினவினீர்கள். கிரீஸ் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். இவ்வாரத் தியானத்துக்கு அந்தக் கறுப்பின் கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. அது ஒரு சிறு சரக்கு வண்டியின் முன் பட்டையைப் பற்றியது. வண்டி இல்லாதவர்களும் பொறுமையோடு வாசியுங்கள். சுமை இல்லாதவர் நம்மில் எவரும் இல்லை.

நம் சபையில் ஒரு சகோதரர் இருக்கிறார். அவர் அனுமதி தந்தே எழுதுகிறேன், எனினும் பெயரை எழுதவில்லை. அவர் குடும்பம் தலைமுறைகளாகத் தறியில் அமர்ந்த குடும்பம். கோர்வைச் சேலை நெய்யும்போது கரையின் நாடாவைத் தள்ளுவதற்கு நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சிறுவயதில் தந்தையின் பக்கத்தில் அப்படி அமர்ந்தவர் அவர். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த காலத்தில் தறியை விட்டு இறங்கினார். அவர் தலைமுறையில் பலர் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனிப் பேருந்து ஏறினர். இவர் சில ஆண்டுகள் கூலிக்கு வண்டி ஓட்டிவிட்டுப் பின்பு கடன் வாங்கி ஒரு பழைய குட்டி யானையைச் சொந்தமாக்கிக்கொண்டார்.

குட்டி யானை என்று நம் ஊரார் அழைப்பது டாடா நிறுவனத்தின் ஏஸ் வண்டியை. 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது வெளிவந்தது. 702 சிசி அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். 12 அங்குலச் சக்கரங்கள். ஏறத்தாழ 750 கிலோ சுமை. வடநாட்டில் அதைச் சோட்டா ஹாத்தி என்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் யாராயினும் நன்றாகவே வைத்தார்கள். மூன்று சக்கர வண்டிக்கும் லாரிக்கும் இடையில் இருந்த வெற்றிடத்தில் அது புகுந்தது. நம் சந்துகளில் லாரி நுழையாது; தறிக் கட்டையையும் வாழைத்தாரையும் அரிசி மூட்டையையும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்குவது இதுதான். இன்று இந்த ஊரில் எத்தனை அடுப்புகள் இந்தச் சிறு வண்டிகளால் எரிகின்றன என்பதைத் தெருமுனையில் பத்து நிமிடம் நின்றாலே உணரலாம்.

மகிழுந்துகளின் முன்சக்கரங்கள் பெரும்பாலும் சுருள் வில்லின்மேல் தனித்தனியே ஆடுவன. ஏஸ் வண்டிக்கோ முன்புறத்திலும் ஒரே நீள அச்சு, அதன்மேல் பட்டை. லாரியின் உடற்கூறுதான், அளவு மட்டும் சிறிது. பட்டை என்று பட்டறைகளில் வழங்குவது வளைந்த எஃகுத் தகட்டை. பழைய முறையில் பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவார்கள். அவை ஒன்றோடொன்று உரசி உழைக்கும். ஏஸ் வண்டியின் முன் பட்டை வேறு வகை. நடுவில் தடித்து முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும் வடிவம் அதற்கு உண்டு. நீளம் முழுவதும் பாரம் ஒரே சீராகப் பரவட்டும் என்பதற்காக அப்படி வடிவமைக்கிறார்கள். எடை குறைவு, உரசல் குறைவு. ஆனால் தகடுகளின் எண்ணிக்கையும் குறைவு. ஒன்று போனால் தாங்கிக்கொள்ள அதிகம் பேர் இல்லை.

நம் முன்னோர் இதற்கு இட்டிருந்த பெயர் வில். வில் வண்டி என்பதைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுமை ஏற்றும் கட்டை வண்டிக்கு வில் கிடையாது. மேட்டுக்குடியார் அமர்ந்து செல்லும் வண்டிக்கே உண்டு. அந்த வில், குதிரை வண்டிகளிலிருந்து வந்தது. 1804-ஆம் ஆண்டில் லண்டனில் வண்டி கட்டும் தொழில் செய்த ஒபதியா எலியட் என்பவர் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். வேதாகமத்தின் மிகச் சிறிய தீர்க்கதரிசனப் புத்தகத்துக்குரியவரின் பெயர் ஒரு வண்டிக்காரருக்கு வாய்த்ததைக் கவனித்தீர்களா? அதுவரை வண்டியின் உடலைப் பெரும்பாலும் தோல் வார்களில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அல்லது அதுவும் இன்றி எலும்பு குலுங்கச் சென்றார்கள்.

நமக்கு அடுத்த நாட்டில் அந்த வில்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1893-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில் வண்டியை விலைக்கு வாங்கி, தம் மக்கள் கால் வைக்கக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். அவர் நடந்தும் போயிருக்கலாம். ஆனால் வில் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். குலுங்காமல் செல்லும் உரிமை சிலருக்கு மட்டுமே என்று இருந்த காலத்தில், இரண்டு எஃகு விற்கள் எத்தனை பேரின் கண்ணை உறுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் சகோதரரின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது இது என் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன். "இதுக்கு இவ்வளவு பெருமையா, ஐயா?" என்று பட்டையைத் தட்டிச் சிரித்தார்.

ஊழியத்துக்கு வருமுன் சில ஆண்டுகள் நான் ஒரு பட்டறையில் வேலை செய்தவன் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஆகவேதான் அவர் வியாழன் இரவு என்னை அழைத்தார். வண்டி இடப்பக்கம் சாய்கிறது, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கிறது என்றார். மறுநாள் சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை இருபுறமும் அளந்தோம். இடப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது இடது முன் பட்டையில் ஒரு தகடு, நடு போல்ட்டுக்கு அருகே முறிந்து கிடந்தது.

பட்டறையில் விட்டால் முறை வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். ஐந்தாம் தேதி வண்டியின் தவணை. மூன்று நாள் ஓட்டம் நின்றால் தவணையும் நிற்கும். எனவே வீட்டு வாசலிலேயே மாற்றுவதென்று முடிவாயிற்று. சிலர் பற்றவைத்து ஓட்டலாமே என்று யோசனை சொன்னார்கள். வில் எஃகைப் பற்றவைக்கக் கூடாது. காய்ச்சிப் பதப்படுத்தியதால்தான் அதற்கு வளைந்து நிமிரும் குணம் வந்தது. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மீண்டும் முறியும், அதுவும் சாலையின் நடுவில். உடைந்த பட்டைக்கு உலைக்களத்தில் வேறு வாழ்வு உண்டு. கொல்லர்கள் அதை அரிவாளாகவும் கத்தியாகவும் அடித்துவிடுவார்கள். பட்டையாக மட்டும் அது திரும்பாது.

சனிக்கிழமை விடியற்காலையில் அந்தத் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். பாவு விரித்திருக்கும்போது எந்த வண்டியும் நகரக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வெயில் ஏறி அதைச் சுருட்டி எடுக்கும்வரை காத்திருந்தோம். முந்தைய இரவே போல்ட்டுகள்மேல் டீசல் ஊற்றி ஊறவைத்திருந்ததால் அந்தக் காத்திருப்பும் வீணாகவில்லை.

இனி நான் சொல்லப்போவதை, வீட்டில் வண்டி வேலை செய்யும் இளைஞர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி; தாங்குவதற்கானது அன்று. நான் வேலை பார்த்த பட்டறையில் மூத்தவர் ஒருவருக்கு இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை. ஜாக்கி ஒரு நொடி நழுவியதில் போனவை அவை. போனது விரல்களாக இருந்ததற்காக அவர் ஒவ்வொரு ஆண்டும் ஸ்தோத்திர காணிக்கை செலுத்துவார். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையையோ மார்பையோ நுழைப்பவர், வீட்டாரிடம் விடைபெற்றுக்கொண்டு நுழைய வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதற்கு மாற்று அல்ல. அவை பாரம் தாங்குவது போலவே தோன்றும், பின்பு முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

நாங்கள் செய்த முறை இது. முதலில் கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைகாசியில் தேர் இழுபடும்போது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவரின் கையில்தானே அத்தனை டன் தேரும் நிற்கிறது? பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை செய்பவர் என்று ஏளனமாகச் சொல்கிறோம். தேரடியில் நிற்பவரைக் கேட்டால் வேறு பொருள் சொல்வார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டோம். பின்பு தூக்கி, சேசியின் இரு பக்கத்துக்கும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரம் முழுவதும் ஸ்டாண்டுகள்மேல் அமர்ந்ததா என்று பார்த்தோம். அதன்பின் இருவரும் சேர்ந்து வண்டியைப் பலமாக அசைத்தோம். விழுவதானால் நாம் வெளியே இருக்கும்போதே விழட்டும் என்பதே அதன் நோக்கம். விழவில்லை. அப்போதுதான் சக்கரத்தைக் கழற்றினோம்.

சேசி ஸ்டாண்டின்மேல் நின்றுவிட்டால் அச்சு தொங்கத் தொடங்கும். அதைத் தாங்க ஜாக்கியை அச்சுக்குக் கீழே கொடுத்தோம். தாங்காவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபட்டு உள்ளுக்குள் கிழியும். வெளியே தெரியாது, பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, யு போல்ட்டுகளின் நட்டுகளைத் திறந்து, அச்சைச் சிறிது சிறிதாக இறக்கினோம். பட்டையின் இறுக்கம் முற்றும் தளர்ந்த பின்னரே முன் பக்கத்துப் போல்ட்டையும் பின் பக்கத்து ஷாக்கிளையும் தொட்டோம். அந்த முன் போல்ட்டு மட்டும் ஒன்றரை மணி நேரம் எங்களோடு மல்லுக்கு நின்றது. சுத்தியலால் நேரே அடித்தால் மரை கெடும் என்று பித்தளைத் துண்டு ஒன்றை இடையில் வைத்து அடித்தோம். எதிர்வீட்டு அம்மையார் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தறிச் சத்தம் நின்னுபோச்சேன்னு நெனச்சேன், நீங்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

பட்டை வெளியே வந்தது. முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அந்த முகத்தைத்தான். பாதிக்குமேல் துருவேறிப் பழுப்பாக இருந்தது. எஞ்சிய பகுதி மட்டும் புதிய வெள்ளியைப் போலப் பளபளத்தது. இதன் பொருள், தகடு வியாழக்கிழமை முறியவில்லை என்பதே. எப்போதோ ஒரு சிறு கீறல் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது மயிரிழை அளவாக உள்ளே நகர்ந்திருக்கிறது. திறந்த பிளவில் மழைநீர் புகுந்து துருவேறியிருக்கிறது. மாதக்கணக்காக மீதி எஃகு அத்தனை பாரத்தையும் தனியே சுமந்திருக்கிறது. வியாழனன்று இனி முடியாது என்று விட்டுவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வண்டி அதுவரை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தறியில் பாவு இழை அறுவதைப் போல அல்லவே இது என்றார். இழை அறுந்தால் அப்போதே தெரியும், முடிந்துவிட்டு மேலே நெய்யலாம். அவர் சொன்னது சரியே.

அதன்பின் அவர் கேட்டது வேறொன்று. "எப்படியும் கழட்டிட்டோம். பின்னாடி ரெண்டு பட்டை சேத்துப் போட்டுடலாமா, ஐயா? லோடு கொஞ்சம் கூட ஏத்தலாம்." இந்தக் கேள்வி எதற்காக வந்தது என்பதை அறிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரு மளிகைக் கடைக்காரர் வாரம் மூன்று முறை அவருக்கு லோடு தருகிறார். 25 கிலோ அரிசி மூட்டைகள். ஒரே நடையில் 50 மூட்டை ஏற்றினால்தான் தருவேன், இல்லையேல் வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்பது அவர் நிபந்தனை. 50 மூட்டை என்றால் 1,250 கிலோ. வண்டியின் அளவு 750. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் இரண்டு மாதமே இருந்தது. தம் மனைவிக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. பல மாதங்களாக 50 மூட்டையோடுதான் ஓடிக்கொண்டிருந்தார்.

பட்டை சேர்ப்பது நம் நாட்டில் புதிதன்று. பட்டறைகளில் கேட்டால் செய்துகொடுப்பார்கள். நான் ஏன் உடன்படவில்லை என்பதை விவரமாகவே அவருக்குச் சொன்னேன். பட்டையைச் சேர்த்தால் வில்லின் வலு கூடும். பிரேக்கின் வலு கூடாது. அச்சு, பேரிங், 12 அங்குல டயர் ஆகிய யாவும் பழையபடியே இருக்கும். தாழ்ந்துபோகும் வண்டி தன் வேதனையைத் தாழ்ந்து காட்டுகிறது. பட்டையைச் சேர்த்தால் அது நிமிர்ந்து நின்று வேதனையை மறைக்கும், அவ்வளவே. மேலும், மிகுபாரம் பின்னால் குவியும்போது வண்டியின் முன்பக்கம் இலேசாகிறது. முன்சக்கரங்கள் தரையை உறுதியாகப் பற்றாவிட்டால் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது. செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தின்மேல் அப்படி ஒரு நிலை வந்தால், அவர் ஒருவர் மட்டுமே அதற்கு விலை கொடுப்பார் என்பது நிச்சயமில்லை. எதிரே இரண்டு சக்கர வண்டியில் குழந்தையோடு வருபவர் யாராகவும் இருக்கலாம். உங்கள் மகளாகவும் இருக்கலாம். சட்டமும் கடுமையானதே: 2019 செப்டம்பர் முதல் மிகுபாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அவருடைய ஒரு மாதச் சம்பாத்தியம் ஒரு சோதனைச் சாவடியில் போய்விடும்.

அவர் எதையும் மறுக்கவில்லை. "எல்லாம் தெரியுது, ஐயா. ஃபீஸ் யார் கட்றது?" என்றார். இதற்கு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது.

பிற்பகலில் புதிய பட்டைகளைப் பொருத்தும்போது என் மனம் கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைச் சுற்றியே வந்தது. அங்கே இரண்டாம் வசனம் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறது. ஐந்தாம் வசனம் அவரவர் பாரத்தை அவரவர் சுமப்பார் என்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் பாரம் என்ற ஒரே சொல் நிற்பதால், பவுல் மூன்று வசனத்துக்குள் தம்மை மறுத்துக்கொண்டாரோ என்று வேதபாட வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டது நினைவிருக்கலாம். கிரேக்கத்தில் அவை இரண்டு சொற்கள். முதலாவது பாரோஸ்: அழுத்தி வீழ்த்தும் பளு. இரண்டாவது ஃபோர்டியோன்: ஒருவருக்கென்று அளந்து ஏற்றப்பட்ட சுமை, கப்பலின் சரக்குக்கும் வழங்கிய சொல். கிறிஸ்து தம்முடையது இலகுவானது என்று சொன்ன சுமைக்கும் இந்த இரண்டாம் சொல்லே வருகிறது. வண்டிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். 750 கிலோ ஃபோர்டியோன். அதை அந்த வண்டிதான் சுமக்க வேண்டும், அதற்காகவே அது செய்யப்பட்டது. மேலே ஏறிய 500 கிலோ பாரோஸ். அதற்கு இன்னொரு பட்டை போதாது, இன்னொரு வண்டி வேண்டும்.

இந்த வேறுபாட்டை நாம் சபையில் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம் என்பது என் கருத்து. துயரத்தில் இருப்பவரிடம் பெலன் கொள்ளுங்கள், விசுவாசத்தில் உறுதிப்படுங்கள் என்று சொல்கிறோம். அது பட்டை சேர்க்கும் வேலை. அவர் நிமிர்ந்து நிற்பார், நாமும் மகிழ்ந்து வீடு திரும்புவோம்; மூட்டையில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

வேலைக்குத் திரும்புகிறேன். பட்டையை எப்போதும் இணையாகவே மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் தளர்ந்ததுமாக இருந்தால் வண்டி நேரே நிற்காது. ஆகவே வலப்புறத்தையும் மாற்றினோம். நடு போல்ட்டின் தலை அச்சின் மேலுள்ள குழியில் சரியாக அமர வேண்டும். அமராவிட்டால் அச்சு கோணலாக நிற்கும், சக்கரம் தன் வழியே போகும். யு போல்ட்டுகளைப் பழையபடி போடவில்லை, புதியவை வாங்கினோம். ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட்டு மறுமுறை அதே பிடியைத் தராது. நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக முறுக்கிக்கொண்டே வந்தோம். பட்டையின் இரு முனைகளிலும் ரப்பர் புஷ் உண்டு. சக்கரம் தொங்கும் நிலையில் அந்தப் போல்ட்டுகளைக் கடைசிவரை முறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகையால் அவற்றைத் தளர்வாகவே வைத்து, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நான்கைந்து முறை முன்னும் பின்னும் உருட்டி, பாரம் தன் இயல்பான நிலையில் அமர்ந்த பின்னரே இறுதியாக முறுக்கினோம். அவசரக்காரர் பெரும்பாலும் விட்டுவிடும் படி இதுவே.

மீண்டும் அளந்தபோது இருபுறமும் சமமாக இருந்தன. மாலை ஐந்து மணிக்குக் காலி வண்டியை மெதுவாக ஓட்டி, ஆள் நடமாட்டமற்ற இடத்தில் பிரேக்கைச் சோதித்தோம். இழுக்கவில்லை.

கடைக்காரரிடம் திங்களன்று நானும் அவருடன் சென்றேன். கடைக்காரர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். மரியாதையாகவே பேசினார், ஆனால் நிபந்தனையைத் தளர்த்தவில்லை. இரண்டு நடைக்கு அவர் கூலி தர மாட்டார். அவர் பக்கத்திலும் கணக்கு உண்டு. அவரைக் கல்நெஞ்சர் என்று நான் எழுதினால் அது நியாயமன்று. வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. சுங்குவார்சத்திரத்துக்குக் காலையில் காய்கறி கொண்டுபோய்விட்டு மாலையில் காலியாகத் திரும்பும் இன்னொரு வண்டி நம் சபையிலேயே இருக்கிறது. அரிசி ஏறும் கிடங்கு அவர் திரும்பும் வழியில்தான். வாரம் மூன்று நாள் 20 மூட்டைகளை அவர் ஏற்றிவருவதாக ஒப்புக்கொண்டார்; டீசலுக்கான பங்கு மட்டும் போதும் என்றார். இரண்டு பேரும் ஒரே ஆலயத்தில் ஆண்டுக்கணக்காக அடுத்தடுத்த வரிசையில் அமர்ந்து வருகிறார்கள். ஒருவர் வண்டி நிறைந்து வழிந்ததும் மற்றவர் வண்டி காலியாகத் திரும்பியதும் ஒருவருக்கொருவர் தெரியாது.

கல்லூரிக் கட்டணம் இன்னும் கட்டி முடிக்கவில்லை. கூலியில் ஒரு பங்கு டீசலுக்குப் போவதால் அவருக்கு வருமானம் முன்பைவிடச் சற்றுக் குறைவே. இப்போது அவர் மனைவிக்குக் கணக்கு முழுவதும் தெரியும். கடினமான ஓர் இரவுக்குப் பின், அவர் தாமே மகளுடன் கல்லூரிக்குச் சென்று தவணையில் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. இதற்காக ஜெபிக்கவும், ஜெபித்த பின் என்னை வந்து பார்க்கவும் மனமுள்ளவர்கள் இந்த வாரமே வரலாம்.

சகோதரர் இதை வாசித்தால் ஒரு நினைவூட்டல்: புதிய யு போல்ட்டுகள் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சற்றுத் தளரும். இந்தச் சனிக்கிழமை பாவு சுருட்டியதும் ஸ்பானரோடு வருகிறேன். மற்றவர்களுக்கு: அந்த இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளும் சக்கரக் கட்டைகளும் இனி ஆலயத்தின் பின்னறையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். எந்தச் சபை, எந்தத் தெரு என்று யாரும் கேட்கக் கூடாது என்று காவலரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.